சிறு தொழிலுக்குச் சலுகை. குச்சி அடுக்கிய கைக்கு என்ன?

கரிசல் காட்டில் மழை பொய்த்த வருஷம் கோவில்பட்டி வட்டாரத்தில் முதலில் நிரம்புவது தீப்பெட்டி ஆபீஸ். பருத்தியும் உளுந்தும் கைவிட்டதும், களை எடுக்கப் போன பெண்கள் குச்சி அடுக்கப் போவார்கள். ஆண்கள் மில் வாசலில் பதலி வேலைக்குக் காத்து நிற்பார்கள். ஒரே குடும்பத்தில் காட்டு வேலை, மில் வேலை, தீப்பெட்டி வேலை மூன்றும் இருக்கும். ஆகையால் தீப்பெட்டித் தொழிலைப் பற்றி எழுதுவது, இதை வாசிக்கும் பாதிக் குடும்பங்களின் வீட்டுக் கணக்கை எழுதுவதுதான்.

2025 நவம்பர் 21-ந் தேதி மத்திய சர்க்கார் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை அமலுக்குக் கொண்டுவந்தது. 1948-ம் வருஷத்து பாக்டரிச் சட்டப்படி, மின்சக்தியோடு 10 பேர் வேலை செய்தால் அது ஆலை. மின்சக்தி இல்லாமல் 20 பேர் வேலை செய்தால் ஆலை. புதிய தொகுப்பில் அந்த 10 என்பது 20 ஆகிவிட்டது. 20 என்பது 40 ஆகிவிட்டது. ஏன் இந்த மாற்றம்? சிறு தொழில் முனைவோரின் சுமையைக் குறைப்பதற்காம்!

“சின்ன முதலாளி பிழைத்தால்தானே தொழிலாளி பிழைப்பான்? சட்டத்தைக் கொஞ்சம் தளர்த்தினால் என்ன குடி முழுகிப் போகும்?” என்று டீக்கடையிலும் கேட்கிறார்கள். கேட்பவர்களில் நம் தொழிலாளிகளும் உண்டு. அவர்களைத் திட்டி வாயை மூடச் செய்வதில் பயனில்லை. சிறு தொழிலைச் சர்க்கார் எப்படி ஆதரித்தது, அந்த ஆதரவு யார் கைக்குப் போய்ச் சேர்ந்தது என்பதற்கு நம் மண்ணிலேயே நூறு வருஷத்துச் சாட்சி இருக்கிறது. அந்தச் சாட்சியைக் கூண்டில் ஏற்றுவோம்.

ஸ்வீடன் ராஜாவும் சிவகாசிக் குச்சியும்

1922-ல் சிவகாசியிலிருந்து அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இருவர் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொண்டார்கள். மறு வருஷம் ஊர் திரும்பித் தொழில் தொடங்கினார்கள். அதே 1923-ல்தான் ஸ்வீடன் தீப்பெட்டிக் கம்பெனி, ‘விம்கோ’ என்ற பெயரில் இந்தியாவில் கால் ஊன்றியது. ஒரு பக்கம் கையால் குச்சி அடுக்கும் ஓலைக் கொட்டகை. மறுபக்கம் உலகத்தையே வளைத்துப் போட்ட ஏகபோகம்.

அந்த ஏகபோகத்தின் தலைவன் ஈவார் குரூகர் என்பவன். பணமுடையில் தவித்த அரசாங்கங்களுக்குக் கடன் கொடுப்பான். பதிலுக்கு அந்த நாட்டில் தீப்பெட்டி விற்கும் ஏகபோக உரிமையை எழுதி வாங்கிக்கொள்வான். 1929-ல் ஜெர்மனிக்கு மட்டும் 12.5 கோடி டாலர் கடன் கொடுக்க ஒப்பந்தம் போட்டான். 1932-ல் கணக்குப் பொய்கள் வெளியே வரும் நேரத்தில் பாரிஸ் நகரத்தில் தன்னைத்தானே சுட்டுக்கொண்டு செத்தான். அவன் செத்தான், கம்பெனி சாகவில்லை.

1934-ல் வெள்ளைக்காரச் சர்க்கார் தீப்பெட்டிமீது கலால் வரி போட்டது. சுதந்திரத்திற்குப் பிறகு தீப்பெட்டி ஆலைகளை உற்பத்தி அளவைப் பார்த்து ஏ, பி, சி, டி என்று வகை பிரித்தார்கள். பெரிய இயந்திர ஆலைக்குக் கூடுதல் வரி, கையால் செய்யும் சிறிய ஆலைக்குக் குறைந்த வரி என்று வைத்தார்கள். பெட்டியின்மீது ஒட்டிய ‘பேண்ட்ரோல்’ வரிச்சீட்டு நம் பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். இந்த வரி வித்தியாசம்தான் விம்கோவின் கழுத்துப்பிடியிலிருந்து நம் வட்டாரத்துத் தொழிலைக் காப்பாற்றியது. சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி, கழுகுமலை என்று தொழில் பரவியது அதனால்தான். தண்ணீர் இல்லாத மண்ணில் லட்சக்கணக்கான கைகளுக்கு வேலை கிடைத்தது.

இதை ஒப்புக்கொள்ள நமக்கு ஒரு தயக்கமும் இல்லை. அந்நிய ஏகபோகத்துக்கு எதிராக உள்ளூர்ச் சிறு தொழிலைச் சர்க்கார் வரியால் தாங்கிப் பிடித்தது சரியான காரியம். ஆனால் தாங்கிப் பிடித்த கை எதைத் தாங்கியது? கொட்டகைக்குச் சொந்தக்காரனைத் தாங்கியது. கொட்டகைக்குள் குந்தியிருந்தவளை அது கண்ணால்கூடப் பார்க்கவில்லை.

ஏழரைக் கோடிக் குச்சியின் ரகசியம்

1967 ஜூலையில் மத்திய சர்க்கார் ஓர் அறிவிப்புச் செய்தது. வருஷத்தில் ஏழரைக் கோடிக் குச்சிகளுக்கு மேல் வெளியே அனுப்பமாட்டேன் என்று எழுதிக் கொடுக்கும் ஆலைக்கு வரியில் சலுகை. ஏழரைக் கோடி என்றதும் மலைக்க வேண்டாம். பெட்டிக்கு 50 குச்சி என்று வைத்துக்கொண்டால் 15 லட்சம் பெட்டி. வருஷத்தில் 300 நாள் வேலை என்றால், நாளொன்றுக்கு 35 குரோஸுக்குக் கொஞ்சம் குறைவு. சின்ன ஆலைதான். அதற்குச் சலுகை கொடுப்பதில் தப்பில்லை.

என்ன நடந்தது? பெரிய ஆலைக்காரர்களும் ‘சிறியவர்’ ஆகக் கிளம்பிவிட்டார்கள்! ஓர் ஆலையைப் பல லைசென்ஸாகத் துண்டு போட்டால் ஒவ்வொரு துண்டும் ஏழரைக் கோடிக்குள் அடங்கிவிடும் அல்லவா? இந்தத் துண்டு போடும் வேலையைக் கண்டு சர்க்காரே பயந்துபோய், இரண்டு மாசத்துக்குள், 1967 செப்டம்பர் 4-ந் தேதி, அறிவிப்பைத் திருத்தியது. அந்தத் தேதிக்கு முன் எழுதிக் கொடுத்தவர்களுக்கு மட்டுமே சலுகை என்று கதவை இழுத்து மூடியது. தேதி தவறிப்போன ஓர் ஆலை வழக்காடியது. வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போயிற்று. பெரிய ஆலைகள் தங்களைத் துண்டு போட்டுக்கொண்டு சிறியவர்களுக்கான சலுகையைப் பறிப்பதைத் தடுக்கவே அந்தத் தேதி வைக்கப்பட்டது, அது செல்லும் என்று 1974-ல் கோர்ட் தீர்ப்புச் சொல்லியது.

இதைக் கவனியுங்கள். ஆலை துண்டாவது சர்க்காருக்குத் தெரியும். நாட்டின் தலைமைக் கோர்ட்டுக்கும் தெரியும். சர்க்காருக்கு ஆத்திரம் வந்தது வரி குறைகிறதே என்பதற்காக! துண்டான ஒவ்வொரு கொட்டகையிலும் தொழிலாளியும் துண்டானாளே, அதற்கு எந்த அறிவிப்பு வந்தது?

ஒரு பேச்சுக்குக் கணக்குப் போடுவோம். ஒரு முதலாளியிடம் 76 பெண்கள் வேலை செய்கிறார்கள். மின்சக்தி இல்லை. 76 பேர் ஒரே கூரையின் கீழ் இருந்தால் அது பாக்டரி. கக்கூஸ் கட்ட வேண்டும், தண்ணீர் வைக்க வேண்டும், இன்ஸ்பெக்டர் வருவார். 20 பேருக்கு மேல் என்பதால் பி.எப். பிடிக்க வேண்டும். அதே 76 பேரை நாலு கொட்டகையில் கொட்டகைக்கு 19 பேராக உட்கார வைத்து, ஒன்று தன் பெயரில், ஒன்று மனைவி பெயரில், ஒன்று மச்சினன் பெயரில், ஒன்று மருமகன் பெயரில் என்று எழுதிவிட்டால்? பாக்டரிச் சட்டம் வாசலோடு நின்றுவிடும். பி.எப். கிடையாது. முதலாளியின் லாபம் துண்டாகவில்லை, அது சாயங்காலம் ஒரே பெட்டியில் வந்து விழும். துண்டானது மஸ்டர் ரோல் மட்டுமே.

கலால் சலுகைக்காகத் தீட்டிய கத்தி தொழிலாளர் சட்டத்தையும் சேர்த்து அறுத்தது. சிறிதாக இருப்பதே லாபம் என்று சர்க்கார் ஆக்கி வைத்தால், வளர வேண்டிய ஆலைகூட வளர்ந்ததைக் காட்டிக்கொள்ளாது. இனி 19 பேரை உட்கார வைக்கிற சிரமம்கூட வேண்டாம். 39 பேர் வரை உட்கார வைக்கலாம் என்று பாக்டரி வரம்பை உயர்த்தித் தந்திருக்கிறார்கள்.

இரண்டு முழக்கோல்

சிறு தொழில் என்றால் என்ன? இதற்குச் சர்க்கார் சொல்லிவந்த பதிலைக் கேட்டால் சிரிப்பு வரும்.

1955-ல் சொன்னார்கள்: மூலதனம் 5 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும், மின்சக்தி இருந்தால் 50 பேருக்குள், இல்லாவிட்டால் 100 பேருக்குள் வேலை செய்ய வேண்டும். அதாவது, பணத்தையும் எண்ணினார்கள், ஆளையும் எண்ணினார்கள். 1960-ல் ஆளை எண்ணுவதைக் கைவிட்டார்கள். அன்றிலிருந்து பணம் மட்டும்தான் கணக்கு. 2006-ம் வருஷச் சட்டத்தில், இயந்திரத்தின் மதிப்பு 25 லட்சத்துக்குள் இருந்தால் ‘குறுந்தொழில்’, 5 கோடிக்குள் இருந்தால் ‘சிறு தொழில்’. 2020 ஜூலையில் அது 1 கோடி, 10 கோடி ஆயிற்று. 2025 ஏப்ரல் 1-ந் தேதியிலிருந்து குறுந்தொழில் என்றால் இரண்டரைக் கோடி வரை முதலீடு, 10 கோடி வரை விற்றுமுதல். சிறு தொழில் என்றால் 25 கோடி வரை முதலீடு, 100 கோடி வரை விற்றுமுதல்!

இருபத்தைந்து கோடி ரூபாய் இயந்திரத்தை இறக்கினவரும் ‘சிறியவர்’. மெழுகு வாங்கத் தாலியை அடகு வைத்தவரும் ‘சிறியவர்’. இருவருக்கும் ஒரே பெயர், ஒரே மேடை, ஒரே மனு. மனுவை எழுதுவது யார், கையெழுத்தை மட்டும் போடுவது யார் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை.

சலுகை பெறுகிறவரை அளக்க ஒரு முழக்கோல். அது வருஷத்துக்கு வருஷம் நீளுகிறது. பாக்டரிச் சட்டம் யாரைத் தொட வேண்டும் என்று அளக்க இன்னொரு முழக்கோல். அதன் நுழைவாசலையோ உயர்த்திக்கொண்டே போகிறார்கள். முதலாளிக்குச் சலுகை கொடுக்கும் கூடத்தில் ஆட்கணக்கு வேண்டாமாம். தொழிலாளிக்குச் சட்டம் கொடுக்கும் வாசலில் ஆட்கணக்கைத் தவிர வேறு எதையும் பார்க்கமாட்டார்களாம். இது எந்த ஊர் நியாயம்?

இன்னொன்றும் உண்டு. 2006-ம் வருஷச் சட்டப்படி, சிறு தொழிலாளரிடம் சரக்கு வாங்கியவர் 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி வட்டியைப் போல் மூன்று மடங்கு, அதுவும் மாசாமாசம் வட்டிக்கு வட்டி. நல்ல சட்டம். பாக்கிக்காகக் காத்து நிற்கும் சின்ன ஆலைக்காரருக்கு அது வேண்டும். ஆனால் அந்த ஆலைக்காரரிடம் இருபது வருஷம் வேலை செய்து, பி.எப். நம்பர்கூட இல்லாமல் கை ஓய்ந்து வீட்டுக்குப் போகிற பெண்ணுக்கு எத்தனை மடங்கு வட்டி? அசலே எழுதப்படாத கடனுக்கு வட்டி ஏது!

தொழில் படுத்துவிடும் என்ற பழைய பல்லவி

தொழிலாளிக்கு ஏதாவது உரிமை என்றால் உடனே ஒரு கூக்குரல் எழும்: “தொழில் படுத்துவிடும்!” தீப்பெட்டித் தொழிலில் இந்தக் கூக்குரலுக்கு நீண்ட வயது.

லண்டனில் 1888-ல் பிரையண்ட் அண்ட் மே தீப்பெட்டி ஆலையில் சுமார் 1,400 பெண்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அபராதம், அற்பக் கூலி, வெள்ளைப் பாஸ்பரஸ். இந்த மூன்றும் அவர்களை வெளியே கொண்டுவந்தன. வெள்ளைப் பாஸ்பரஸ் தாடை எலும்பை அழுக வைக்கும். அது தெரிந்தும் பிரிட்டிஷ் சர்க்கார் அதைத் தடை செய்யச் சட்டம் கொண்டுவந்தது 1908-ல்தான். இந்தியாவில் 1913-ல் தடைச் சட்டம் வந்தது. வெள்ளைப் பாஸ்பரஸ் போனது, தீக்குச்சி போகவில்லை. நம் வட்டாரத் தொழில் பிறந்ததே அதற்குப் பிறகு.

நம் ஊருக்கு வருவோம். இருட்டோடு கிராமத்துக்கு வேன் வரும். அரைத் தூக்கத்தில் இருக்கும் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போகும். இருட்டிய பிறகு கொண்டுவந்து இறக்கும். இதை அனுபவித்தவர்கள் இன்று நாற்பது, ஐம்பது வயதில் நம்மிடையே இருக்கிறார்கள். 1976-ல் ஹர்பன்ஸ் சிங் தலைமையில் சிவகாசி வட்டாரத்துக் குழந்தைத் தொழிலைப் பற்றி விசாரித்து அறிக்கை வந்தது. பத்து வருஷம் கழித்து, 1986-ல், குழந்தைத் தொழில் சட்டம் வந்தது. தீப்பெட்டி, பட்டாசு வேலைகளில் குழந்தை கூடாது என்று எழுதினார்கள். அடுத்த வரியிலேயே, குடும்பத்தார் துணையோடு நடத்தும் பட்டறைக்கு இது பொருந்தாது என்றும் எழுதினார்கள்! ஆலையில் கூடாத வேலை திண்ணையில் கூடுமாம். எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் கடுமையான தீர்ப்புச் சொன்ன பிறகுதான் அதிகாரிகள் அசைந்தார்கள்.

அப்போதும் இதே பேச்சுத்தான். “பிஞ்சு விரலுக்குத்தான் குச்சி அடுக்க வரும், பிள்ளைகளை நிறுத்தினால் தொழில் படுத்துவிடும், குடும்பம் பட்டினி கிடக்கும்.” பிள்ளைகள் பெரும்பாலும் பள்ளிக்கூடம் போய்விட்டார்கள். தொழில் படுத்ததா? கோவில்பட்டியிலிருந்து தீப்பெட்டி வண்டிகள் வடக்கே போய்க்கொண்டுதான் இருக்கின்றன. அடுத்த தடவை யாராவது “பி.எப். பிடித்தால் தொழில் படுத்துவிடும்” என்றால், பிள்ளைகளை நிறுத்தியபோது எத்தனை நாள் படுத்தது என்று கேளுங்கள்.

கூலிக்காரியே, நீ இனித் தொழில் முனைவோர்!

2015 ஏப்ரல் மாசத்தைப் பாருங்கள். அந்த மாசம் 8-ந் தேதி முத்ரா கடன் திட்டம் தொடங்கியது. 50 ஆயிரம் வரை ஒரு வகை, 5 லட்சம் வரை ஒரு வகை, 10 லட்சம் வரை ஒரு வகை. சிறு தொழில் செய்வோருக்கெல்லாம் கைமுதல் என்று முரசு கொட்டினார்கள். அதே ஏப்ரலில், சிறு தொழிலுக்கு மட்டும் என்று ஒதுக்கி வைத்திருந்த கடைசி 20 பொருள்களின் ஒதுக்கீட்டையும் நீக்கினார்கள். அந்த இருபதில் பாதுகாப்புத் தீப்பெட்டி உண்டு, பட்டாசு உண்டு, ஊறுகாய் உண்டு, ஊதுபத்தி உண்டு, பூட்டு உண்டு. ஒரு கையால் கடன் சீட்டைக் கொடுத்தார்கள். மறு கையால் வேலியைப் பிடுங்கினார்கள். வேலி போன காட்டில் விதைப்பதற்குக் கடன்! நம் சம்சாரிகளுக்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை.

ஒதுக்கீடு போவதற்கு முன்பே பெரிய மூலதனம் வாசலுக்கு வந்துவிட்டது. 2005-ல் ஐ.டி.சி. கம்பெனி விம்கோவை ஸ்வீடன்காரனிடமிருந்து வாங்கியது. சிறிய ஆலைகளில் செய்த பெட்டியைத் தன் லேபிளில் விற்பது இந்தப் பெரிய கம்பெனிகளின் முறை. செய்கிறவர் சிறியவர், விற்கிறவர் பெரியவர். விலை யார் கையில் இருக்கும்?

வரியிலும் அதே கதை. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது கையால் செய்த தீப்பெட்டிக்கு 5 சதம், மற்றதற்கு 18 சதம். 2020 ஏப்ரல் 1-ந் தேதி இரண்டையும் 12 ஆக்கினார்கள். இயந்திரத்துக்கு 6 குறைந்தது. கைக்கு 7 ஏறியது. பாதி இயந்திரம் போட்ட ஆலைக்காரர்கள் 18 குறைய வேண்டும் என்று கேட்டு வந்தது உண்மை. அவர்கள் கேட்டதில் நியாயமும் உண்டு. ஆனால் அவர்களுக்குக் குறைத்ததைக் கை வேலைக்காரரின் தலையில் ஏன் ஏற்ற வேண்டும்? எத்தனையோ காலம் காத்த வித்தியாசத்தை ஒரு கூட்டத்தில் துடைத்துப் போட்டார்கள்.

கைத் தொழில் சுருங்கச் சுருங்க வேலை எங்கே போயிற்று? கொஞ்சம் இயந்திரத்துக்குள் போயிற்று. கொஞ்சம் வீட்டுக்குள் போயிற்று. வீட்டில் உட்கார்ந்து பெட்டி ஒட்டும் பெண்ணுக்கு ஆலை இல்லை, முதலாளி இல்லை, வருகைப் பதிவேடு இல்லை. சைக்கிளில் அட்டை கொண்டுவந்து போடுகிற ஏஜண்டுதான் உண்டு. பசைமாவும் விளக்கு வெளிச்சமும் அவளுடைய செலவு. பெட்டி நசுங்கினால் அவளுடைய நஷ்டம். இவளுக்குச் சர்க்கார் இப்போது ஒரு பட்டம் வைத்திருக்கிறது: சுயதொழில் செய்பவள், தொழில் முனைவோர்! 50 ஆயிரம் கடன் கொடுத்துவிட்டால் கணக்கில் ஒரு முதலாளி கூடிவிட்டார், ஒரு தொழிலாளி குறைந்துவிட்டார். கூலிக்காரியை முதலாளி ஆக்குவது இவ்வளவு சுலபம் என்பது மார்க்ஸுக்கே தெரியாமல் போயிற்று.

பீடி சுற்றும் பெண்களை எடுத்துக்கொள்ளுங்கள். 1966-லேயே பீடித் தொழிலாளருக்குத் தனிச் சட்டம் வந்தது. வீட்டில் உட்கார்ந்து பீடி சுற்றுகிறவளும் தொழிலாளியே என்று அந்தச் சட்டம் ஏற்றுக்கொண்டது. அதுவும் போராடாமல் வரவில்லை. இப்போது அதையும் புதிய தொகுப்பில் கரைத்துவிட்டார்கள் என்பது வேறு கதை. இலையில் புகையிலை சுற்றுகிற கை தொழிலாளியின் கை என்றால், அட்டையில் பசை தடவுகிற கை யாருடைய கை?

சின்ன ஆலைக்காரரோடு நமக்குச் சண்டையா?

தானே மருந்து கலக்கி, தானே குச்சியை முக்கி, மனைவியைப் பெட்டி அடைக்க உட்கார வைத்துத் தொழில் நடத்துகிறவர்கள் நம் வட்டாரத்தில் உண்டு. குளோரேட் விலை ஏறினாலும் அவர் தலையில், அட்டை விலை ஏறினாலும் அவர் தலையில். தீப்பெட்டி விலை 14 வருஷமாக ஒரு ரூபாயில் நின்றது. 2021 டிசம்பர் 1-ந் தேதிதான் இரண்டு ரூபாய் ஆயிற்று. அந்த 14 வருஷமும் அவர் மூச்சுத் திணறியது நமக்குத் தெரியும். 20 ரூபாய்க்குக் குறைந்த லைட்டரை வெளிநாட்டிலிருந்து இறக்கக் கூடாது என்று 2023 ஜூனில் தடை வந்தபோது நாமும் வரவேற்றோம். குச்சி இல்லாவிட்டால் நமக்கும் கூலி இல்லை.

ஆனால் பெட்டி விலை இரட்டித்த அன்று, பெட்டிக்குள் குச்சியையும் 36-லிருந்து 50 ஆக்கினார்கள். அதாவது அடைக்கிற வேலை கூடிற்று. கட்டைக் கூலி எவ்வளவு கூடிற்று என்பதை, தோழர்களே, உங்கள் வீட்டுப் பெண்களிடமே கேளுங்கள். நாம் ஒரு புள்ளிவிவரமும் தர வேண்டாம். அடுப்படியில் கணக்கு இருக்கிறது.

கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. நம் ஊர்ப் பெயரை இனி வேறு ஊர்க்காரன் திருடி விற்க முடியாது. சந்தோஷம். பெயருக்குப் பாதுகாப்புக் கொடுக்கத் தெரிந்த சர்க்காருக்கு, கொதிக்கிற பாகுக்குப் பக்கத்தில் நிற்கிறவளுக்குப் பாதுகாப்புக் கொடுக்கத் தெரியாதா? இது போகிற போக்கில் சொன்னது.

நாம் கேட்பது ஒன்றுதான். சிறு தொழிலுக்குக் கொடுக்கும் ஒவ்வொரு சலுகையும் மஸ்டர் ரோலோடு கட்டப்பட வேண்டும். வரிச் சலுகையா, மானியமா, அடமானம் இல்லாத கடனா, எது வேண்டுமானாலும் கொடுங்கள். இத்தனை பேர் வேலை செய்கிறார்கள், இன்ன கூலி, இன்ன பி.எப். நம்பர், இன்ன ஈ.எஸ்.ஐ. நம்பர் என்று காட்டியபின் கொடுங்கள். உண்மையான சின்ன ஆலைக்காரருக்கு அந்தப் பணம் கட்ட முடியவில்லை என்றால், முதலாளி பங்கில் ஒரு பகுதியைச் சர்க்கார் கட்டட்டும். கோடிக்கணக்கில் மானியம் கொடுக்க முடிகிறவர்களுக்கு அது முடியாத காரியம் அல்ல. அப்போது ஆலையைத் துண்டு போடுவதில் லாபம் இருக்காது. ஆளைக் காட்டினால்தான் சலுகை என்றால், ஒளித்து வைத்த ஆட்கள் தாமாகப் பதிவேட்டில் ஏறுவார்கள்.

புதிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலேயே ஒரு பிரிவு இருக்கிறது. உயிருக்கு ஆபத்தான தொழில் என்று மத்திய சர்க்கார் அறிவித்தால், ஒரே ஒரு ஆள் வேலை செய்யும் இடத்துக்கும் ஈ.எஸ்.ஐ. உண்டு. குளோரேட்டும் பாஸ்பரஸும் கலக்கிற கொட்டகை ஆபத்தானது என்று சொல்லப் பெரிய விஞ்ஞானி வேண்டுமா? தீ விபத்தில் கருகிய உடல்களை நம் வட்டாரம் எத்தனை முறை சுமந்தது! கொட்டகை 19 பேரோ 39 பேரோ, ஒவ்வொன்றும் அந்தப் பிரிவுக்குள் வரும்படி செய்ய வேண்டும். இதற்கு பார்லிமெண்டில் புதுச் சட்டம்கூட வேண்டாம். ஓர் அறிவிப்புப் போதும். 1967-ல் வரி போகிறது என்றதும் இரண்டு மாசத்தில் அறிவிப்புப் போட்டவர்கள்தானே!

ஆலை முதலாளிகள் சங்கம் சலுகை கேட்டு மந்திரியைப் பார்க்கப் போகும்போது, “தொழிலாளர் நலனுக்காக” என்று மனுவின் முதல் பக்கத்தில் தவறாமல் எழுதுவார்கள். அந்த மனு கொடுக்கும் அன்று நம் பெண்களும் அங்கே இருக்க வேண்டும். நலன் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று காட்டச் சொல்ல வேண்டும்.

அதற்கு முன் ஒரு காரியம் செய்யலாம். வீட்டில் பெட்டி ஒட்டும் ஒவ்வொரு பெண்ணும், ஆலையில் கட்டை அடுக்கும் ஒவ்வொரு பெண்ணும், ஒரு சின்ன நோட்டு வாங்கி வைத்துக்கொள்ளட்டும். இன்ன தேதி, இத்தனை கட்டை அல்லது இத்தனை பெட்டி, அட்டை கொண்டுவந்த ஏஜண்டின் பெயர், பெட்டியில் ஒட்டிய லேபிளின் பெயர், கைக்கு வந்த கூலி. எழுதத் தெரியாவிட்டால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை எழுதட்டும். பதிவேட்டில் நம் பெயர் இல்லை என்று அதிகாரி சொல்லும்போது, மேஜைமீது வைக்க அந்த நோட்டு வேண்டும். ஆறு மாசத்து நோட்டு கையில் இருப்பவர்கள் சங்க ஆபீசுக்குக் கொண்டுவாருங்கள். ஒரே லேபிளுக்கு எத்தனை கொட்டகை, எத்தனை வீடு வேலை செய்கிறது என்று ஒன்றாக வைத்துக் கூட்டிப் பார்ப்போம்.